நாற்பத்து மூன்று ஜோடி

— நாப்பத்திமூணா? செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமையில எவனப்பா புதுக் காரு பார்க்கக் கெளம்பி வாரான்?

— செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்றுங்க, ஐயா. புதன்கிழமை நாற்பது. வியாழக்கிழமை நாற்பத்தொன்று. தாங்கள் அனுமதித்தால் மீதியையும் வாசிக்கிறேன்.

— ஏப்பா குழந்தைவேலு, நீ என்ற கடைக் குமாஸ்தாவா, போட்டிக் கடைக்காரன் சென்னிமலையோட குமாஸ்தாவா?

— தங்கள் கடைக் குமாஸ்தாதானுங்க. பன்னிரண்டு வருஷமாக. நூல் கடையில் பத்து, இந்த மோட்டார் கடையில் இரண்டு.

— அப்பறம் ஏன் அவன் கடைக்கு வந்த சனத்தை மட்டும் இப்படி வாய் நெறையச் சொல்றே?

— எண்ணிவரச் சொன்னது தாங்கள்தானுங்க. பட்டணத்துக் கம்பெனியார் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். சேலம் ஜில்லாவில் இரண்டு கடைகளுக்கு இனிக் கார் அனுப்ப இயலாது, ஒரு மாதம் எந்தக் கடைக்கு அதிகம் பேர் வருகிறார்களோ அந்தக் கடைக்கே ஏஜென்சி, இரு கடைக் கணக்கையும் எண்ணி எழுதி அனுப்பவும் என்று...

— இந்தக் கைலாசத்துக்கு வந்த கடுதாசியை இந்தக் கைலாசத்துக்கே படிச்சுக் காட்டாதே. நம்மகிட்ட எத்தனை? அதச் சொல்லு.

— செவ்வாய்க்கிழமையா ஐயா?

— ஆமா.

— லாபம்ங்க.

— லாபமா?

— 'ஒன்று' என்று வாயால் சொல்லக்கூடாது, முதலாவதை 'லாபம்' என்றே சொல்லவேண்டும் என்று தாங்கள் எனக்குக் கற்பித்திருக்கிறீர்கள்.

— அது நூலுச் சிப்பம் எண்ணறப்போ சொன்னது சாமி. லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். இங்க லாபத்தோடயே நின்னு போச்சே.

— மன்னிக்கவேண்டும்.

— சரி, அந்த லாபம் ஆரு?

— ஒரு பெரியவருங்க. உள்ளே வந்து, கும்பிட்டு, பாலத்துக்கு அப்பால் சென்னிமலை கடைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

— நீ வழி சொன்னயா?

— கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதையாகாதுங்களே.

— போச்சு. மாசம் பூரா நம்மளுக்கு எத்தனை?

— பதினொன்றுங்க. இரண்டு பேர் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க வந்தவர்கள். அவர்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் ஐயமாகவே இருக்கிறது.

— சேத்துக்க. படி ஏறினாங்கல்ல.

— சேர்த்துக்கொண்டேன். மூன்று பேர் ஒரு கல்யாண வீட்டார். மாப்பிள்ளையைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான்கு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். அப்புறம் அந்தப் பெரியவர்.

— பத்தாச்சு. இன்னொருத்தன்?

— எருமப்பட்டிப் பக்கத்து மிட்டாதாருடைய காரியஸ்தருங்க. தங்களுக்கு நினைவிருக்கும். பின்ஆசனத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

— ஆமா, ஆமா. பெட்ரோல் கெடைக்காத ஊருல முன்னால ரெண்டு மாட்டைப் பூட்ட மொளை அடிச்சுத் தருவீங்களான்னு கேட்டானே, அவன்தானே. நானும் தர்றேன்னு சொல்லிப்போட்டேன். அப்பக்கூட வாங்கலை.

— தங்கள் பெருந்தன்மையை அவர் பாராட்டினாருங்க.

— பாராட்டி என்ன பண்றது, காரு எடுத்திருந்தா ஆகும். இங்க பாரு குழந்தைவேலு. நம்மளுக்குப் பதினொண்ணு மாசத்துக்கு. அவனுக்கு ஒரு நாளைக்கே நாப்பது. இது நடக்கற காரியமா? சேலம் பூரா அத்தனை பணக்காரன் ஏது? பஞ்சு வெலை விழுந்து, நெல்லு வெலை விழுந்து, மிட்டாதாரு ஊட்டுலயே ரெண்டாம் வெளக்கை அணைச்சுப் போட்டாங்க. நீ நெசமாவே எண்ணினயா?

— நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேனுங்க. முப்பது நாளும் தவறவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தாங்கள் எனக்குச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணியில் குடையை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விடுவேன். சாப்பிடாமலே திரும்புவேன்.

— வந்தவங்கள்ல ஒருத்தன் பேரு சொல்லு. ஒரே ஒருத்தன்.

— அது மட்டும் இயலாதுங்க.

— ஏன்?

— நான் முகங்களைப் பார்க்கவில்லை.

— மொகத்தைப் பாக்காம ஆளை எப்படி எண்ணினே?

— ஐயா கோபிக்கக்கூடாது. அடுத்தவர் கடை வாசலில் நின்று, போகிற வருகிற கண்ணியமானவர்களை உற்றுப் பார்ப்பது எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது. முதல் நாள் முயன்றேன், இயலவில்லை. ஆகவே குடையைத் தாழ்த்திக்கொண்டு, படியருகில் கழற்றி விட்டிருந்த செருப்புகளை எண்ணினேன்.

— செருப்பையா?

— ஜோடி ஜோடியாகத்தானுங்க. ஒற்றைச் செருப்பு கிடந்தால் விட்டுவிட்டேன்.

— அட கெரகமே. பன்னெண்டு வருசம் என்ற கடையில நீ நூலு எண்ணினதும் இப்படித்தானா?

— நூலுக்கு முகம் கிடையாதுங்களே ஐயா. அதனால் அது சுலபமாக இருந்தது.

— சரி. எப்படிப்பட்ட செருப்பு? பூட்சு கெடந்துதா?

— பூட்ஸ் இல்லைங்க. வார் வைத்த சாதாரணச் செருப்புகள்தாம். சில தேய்ந்தும் இருந்தன. கதர்க் காலமல்லவா, செல்வந்தர்களும் எளிமையாகவே வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

— அதுவும் நாயந்தான். குமாரபாளையத்துல ஒரு சவுளிக்கார மொதலாளி இன்னும் வெறுங்காலோடதான் நடக்கறாரு. ஊருல பாதி அவருது. அப்ப வெறுங்காலுல வந்த பணக்காரனை நீ எண்ணவே இல்லையா?

— எண்ணவில்லைங்க. அவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

— இன்னும் கூடுமா. போதுஞ்சாமி, கூட்டாதே.

— உத்தரவு.

— நெனைச்சுப் பாக்கறேன் குழந்தைவேலு. நம்ம கடைக்கு வாரவன் செருப்போட நேரா ஏறி வாரான். தரையில சேறு. ஆராயி தொடைச்சுத் தொடைச்சுக் கை ஓஞ்சு போறா. அவன் கடையில படியிலயே கழட்டறான்னா கோயிலுக்குள்ள போறாப்பல போறான். அங்கதான் இருக்குது வித்தியாசம். மரியாதையோட உள்ள போறவன் வாங்காமத் திரும்ப மாட்டான்.

— எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை.

— இப்ப ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த நாப்பத்திமூணை நாலுன்னு எழுது. நாப்பதையும் நாலுன்னு எழுது. பட்டணத்தான் என்ன, இங்க வந்து செருப்பைப் பொறுக்கிப் பாக்கப் போறானா?

— ஐயா...

— எழுதப்பா. என்ற கடை நிக்கும். உன்ற வேலை நிக்கும். மாதையன் டிரைவரா இருப்பான். இல்லைன்னா அவன் மறுபடியும் கட்டை வண்டி ஓட்டப் போகணும்.

— தாங்கள் உத்தரவிட்டால் எழுதித் தரவேண்டியவன்தான் நான். தங்கள் உப்பைத் தின்றவன். ஆனால் நான்கு என்று எழுத இருமுறை பேனாவை எடுத்தேனுங்க. கை நாற்பத்து மூன்று என்றே எழுதியது. என்னைப் பொறுத்தருளவேண்டும். நான் கண்டது அதுதான்.

— நீ அதட்டினாக்கூடப் பரவாயில்லை. இப்படிக் கும்புட்டுக்கிட்டே கழுத்தை அறுக்கறயே.

— மன்னிக்கவேண்டும்.

— உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. உக்காரு. நிக்காதே, உக்காருன்னா உக்காரு. இந்தக் காரைப் பாரு. வந்து ரெண்டு வருசம் ஆச்சு. எத்தனை மைல் ஓடியிருக்குது தெரியுமா?

— ரயிலடியிலிருந்து இங்கு வரைக்குமுங்க.

— அதுலயும் பாதி தூரம் மாடு இழுத்துது. இதுக்காகத்தான் செவ்வாய்ப்பேட்டை நூல் கடையை மூடினேன். நூலு வெலை நாளுக்கு நாள் எறங்குது, இன்னும் ஒரு வருசம் போனா முழுகிப் போயிருவோம்னு பயம். மோட்டாருதான் இனிமேன்னு பட்டணத்துல ஒருத்தன் சொன்னான். இருநூறு தறிக்கு ஒரே நாளுல நூலை நிறுத்தினேன். உனக்குத் தெரியுமே, நீதானே ஒவ்வொருத்தனையும் கூப்புட்டுச் சொன்னே.

— சொன்னேனுங்க.

— என்ன சொன்னாங்க?

— ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்களுங்க. வீரன் என்பவர் மட்டும் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, 'நாளைக்கு வரட்டுங்களா' என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

— அப்பவுமா நீ மொகத்தைப் பாக்கலை.

— பார்க்க முடியவில்லைங்க.

— வேற ஆருகிட்டயாவது நூலு எடுத்திருப்பாங்க. எத்தனையோ கடை இருக்குது.

— எடுத்திருப்பார்கள் என்றே நம்புவோமுங்க.

— ஊட்டுக்காரி அங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. கடையை மூடப்போறேன்னு சொன்னா அவ என்ன பண்ணுவாளோ. அதுதான் பயம். நூல் கடையை மூடின அன்னைக்குச் சொன்னேன். எந்திரிச்சு அடுப்படிக்குப் போனவதான். போன வாரம் பாக்கறேன், கையில வளையலைக் காணோம். எங்கேன்னேன். 'கை எளைச்சுப் போச்சு, நழுவுது, கழட்டி வெச்சுட்டேன்'னா. அரிசி மூட்டை எறக்கிப் பத்து நாளாகலை, அடி தெரியுது. எலிங்கறா. எலி கூட என்ற ஊட்டுலதான் நல்லாத் திங்குது.

— அம்மா உடம்பு நலமாக இருக்கிறார்களா ஐயா?

— இருக்கறா. ராசிபுரத்துல அவ அப்பன் ஊட்டுல இருந்து அண்டா, குண்டா, தூக்குப்போசின்னு ரெண்டு வண்டி வந்துது. அத்தனையிலயும் என்ற மொத எழுத்தோட அவ பேரு வெட்டச் சொன்னவன் நான். கரண்டியைக்கூட விடலை. பேரு மேல எனக்கு அப்படி ஒரு ஆசை. இந்தக் கடை போர்டுல எட்டடிக்கு என்ற பேரை எழுதினப்போ எதுக்கால நின்னு ஒரு மணி நேரம் பாத்தேன். நாளைக்கு அதை எறக்கோணும்.

— ஐயா, இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டு நான் பணிவாக ஒரு கடிதம்...

— வேண்டாம். எத்தனை பணிவா எழுதினாலும் நாப்பத்திமூணு குறையாது. எடு காகிதத்தை. 'இந்த ஜில்லாவின் ஏஜென்சியைச் சென்னிமலைக்கே கொடுத்துவிடவும். என் கடையில் நிற்கும் காரையும் அவரிடமே ஒப்படைக்கிறேன். இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.' அவ்வளவுதான். எழுதிட்டயா?

— 'தங்கள் பணிவுள்ள' என்று முடிக்கட்டுமா, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கட்டுமா?

— எதையோ ஒண்ணைப் போடு. குடு, கையெழுத்துப் போடறேன். மாதையா. ஏ மாதையா. சைக்கிளை எடு. பகல் ரயிலு தபாலுல இதைச் சேத்துரு. நிக்காதே, ரயிலுக்கு நேரமாச்சு.

— போய்விட்டாருங்க. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

— தெரியாம இருக்கட்டும். வண்டி மாடு வாங்கற வரைக்கும் நல்லாத் தூங்கட்டும். ஆராயி எங்கே? மத்தியானம் தொடைக்கோணும்னு சொன்னேனே. சென்னிமலை ஆளுக வந்து எடுத்துட்டுப் போறப்போ காரு அழுக்கா இருக்கக்கூடாது. என்னவோ நம்மால முடிஞ்ச மரியாதை.

— அதோ வருகிறாருங்க.

— ஏ ஆராயி, மணி என்னாச்சு? இந்நேரத்துக்கு எங்க போயிட்டு வாரே?

— கோவிச்சுக்காதீங்க சாமி. கஞ்சிக்கு நின்னனுங்க. இன்னைக்குச் சனம் சாஸ்தி, நேரமாகிப் போச்சு. இப்பத் தொடைச்சுப் போடறேன்.

— கஞ்சிக்கா? நான் குடுக்கற கூலி பத்தலையா?

— எனக்குப் பத்துதுங்க. ஊட்டுல எங்க ஆளு காச்சலோட படுத்திருக்குது. அதுக்குத்தான் ஒரு வாயி வாங்கியாந்தேன். இப்படி ஓரமா வெச்சுக்கட்டுங்களா? காரு மேல படாமத்தான் வெப்பேன்.

— வெச்சுக்க, வெச்சுக்க. எங்க ஊத்தறாங்க?

— உங்களுக்குத் தெரியாதுங்களா? ஆத்துப் பாலத்துக்கு அக்கட்ட, சென்னிமலை ஐயா கடை இருக்குதல்லோ, அதுக்குப் பொறவால. உச்சி நேரத்துல தெனமும் ஊத்தறாங்க. ரெண்டு மாசமா.

— சென்னிமலை கடைக்குப் பொறவாலயா?

— ஆமாங்க. அவுங்க கடை படியேறித்தான் உள்ளார போகோணும், வேற தடமில்லை. சோறு போடற எடத்துக்குச் செருப்போட போறது பாவமல்லோ. அல்லாரும் படியிலயே கழட்டிப்போட்டுப் போறாங்க. எனக்கேது செருப்பு, நான் அப்படியே போயிருவேன்.

— குழந்தைவேலு.

— ஐயா.

— உச்சி நேரம்ங்கறா.

— கேட்டேனுங்க.

— ஆராயி, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. அந்தக் கடைக்குக் காரு பாக்க எத்தனை பேரு வாராங்க?

— காரு பாக்கறதுக்கா? எங்க சாமி. அங்கயும் இங்கயாட்டந்தான், ஈ ஓட்டறாங்க. ஒருத்தரு வந்து ஆறு மாசமாச்சுன்னு அவுங்க கடையைக் கூட்டறவ சொல்லுவா. கஞ்சி ஊத்த எடம் கேட்டப்போ சென்னிமலை ஐயா சிரிச்சாராம். 'தாராளமா ஊத்துங்க, படியில செருப்பாவது நெறையட்டும்'னாராம்.

— குழந்தைவேலு, ஓடு. மாதையனைப் புடி. கடுதாசியைப் புடுங்கிட்டு வா. ஓடுப்பா.

— ஐயா, சற்றுமுன் ஊதியது தங்கள் காதில் விழவில்லையா? அது பகல் ரயில் கிளம்பிய சத்தமுங்க.

— போயிருச்சா?

— போய்விட்டதுங்க. இந்த ஜில்லாவிலேயே ஒருவரும் வராத ஒரு கடைக்கு, ஒருவரும் வராத நம் கடையை எழுதிக் கொடுத்துவிட்டோம். பிழை என்னுடையது. நான் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

— ஏனுங் கணக்குப்புள்ளே, நீங்க தெனமும் கொடை புடிச்சுக்கிட்டு அங்க வந்தீங்கல்லோ?

— நீ என்னைப் பார்த்தாயா ஆராயி?

— அல்லாரும் பாப்பாங்க. அவுங்களுக்கெல்லாம் உங்களை நல்லாத் தெரியுமே. 'பாரு, நம்ம கணக்குப்புள்ளை படி மட்டும் வாராரு, வெக்கப்பட்டுக்கிட்டுத் திரும்பிப் போறாரு, பாவம், அவருக்கும் பசியாட்டிருக்குது'ன்னு பேசிக்குவாங்க. ஒரு நாளு வீரன் அண்ணன் ஒரு சட்டியில உங்களுக்குன்னு எடுத்துக்கூட வெச்சாரு. நீங்க போயிட்டீங்க.

— எந்த வீரன்?

— உங்க நூலு கடைக்கு நெய்வாரே, அம்மாபேட்டை வீரனண்ணன். அவரு பக்கத்துத் தறிக்காரரு சின்னண்ணன் குடும்பமும் வருது. அல்லாம் நம்ம கடைத் தறிக்காரங்கதானுங்க. தறியை ரெண்டு வருசமா மொகட்டுல கட்டித் தொங்க விட்டிருக்காங்க. செருப்பு ஒண்ணுதான் இன்னும் விக்காம வெச்சிருக்கறாங்க, வெயிலுல நடந்து வாரோணுமல்லோ.

— அவுங்க வேற கடையில நூலு எடுக்கலையா?

— ஆரு சாமி குடுக்கறா?

— ஐயா, தாங்கள் உட்காருங்கள். தண்ணீர் கொண்டுவரட்டுமா?

— வேண்டாம். ஆராயி, ஆரு அந்தக் கஞ்சி ஊத்தறது? சென்னிமலையா?

— அவரு எடந்தான் குடுத்தாருங்க. ஊத்தறது ஒரு புண்ணியவதி. மொதல்ல அரிசிதான் கொண்டாந்தாங்க. அப்பறம் கையில கெடந்ததை வித்து ஊத்தறாங்க. தன்ற ஊட்டுல வெச்சு ஊத்த முடியாதாம், அதுக்குத்தான் பாலம் தாண்டி வாரது.

— பேரென்ன?

— அதை மட்டும் கேக்காதீங்க சாமி. சத்தியம் வாங்கியிருக்காங்க. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவாரு, அவரும் பாவம், ஒரு ஆளு படியேறி வந்தாலே கொழந்தையாட்டம் சந்தோசப்படறவருன்னு சொன்னாங்க.

— இந்தத் தூக்குப்போசி உன்றதா?

— எனக்கேதுங்க இத்தனை கனத்துல பித்தளை? என்ற சட்டி வழியிலயே ஒடஞ்சு போச்சு. அவுங்கதான் இதுல ஊத்திக் குடுத்து, நாளைக்குக் கொண்டா ஆராயின்னாங்க.

— அதை இங்க கொண்டா.

— தழும்புதுங்க சாமி, சிந்திரும்.

— சிந்தட்டும். வெளிப்பக்கத்தைத் திருப்பு. குழந்தைவேலு, அதுல என்னமோ எழுத்து வெட்டியிருக்குது. என்ற கண்ணுக்குத் தெரியலை. படி.

— ஐயா, அடுத்தவர் பாத்திரத்தில் உள்ளதை நாம் படிப்பது அவ்வளவு மரியாதையாக...

— படி குழந்தைவேலு.

— புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறதுங்க. சற்றுத் தேய்ந்திருக்கிறது. 'கை. அங்கம்மாள், ராசிபுரம்.'